எர்மெலிந்தா வீட்டுக்கு ஆள் வந்த ஞாயிறு

எர்மெலிந்தா அக்கா ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்துவிட்டால், அனுபவசாலிகள் முதலில் செய்கிற காரியம், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தோமா என்று யோசிப்பது. உலர்ந்த பீன்ஸ் கொட்டை என்றால் கவலையில்லை, அது எப்படியும் இரண்டு மணி நேரம் வேகவேண்டும். பால் என்றால் அந்த வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை.

கூடைப்பந்து மைதானத்துக்குத் தகரக் கூரை போடுவது என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானித்த அன்று, அந்த ஒருமனதுக்குள் தன் மனது இல்லை என்று எழுந்தவர் அவர். சிவப்புத் தகரமா பச்சைத் தகரமா என்பதில் தொடங்கி, மழை நாளில் அதற்கடியில் வாத்தியக் குழு வாசித்தால் யார் காதில் விழும் என்பதில் வந்து நின்றார். இடையில் ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது. கூரை போட்டோம். முதல் மழையில் வாத்தியக் குழு வாசித்தது. யார் காதிலும் விழவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்துவிடுகிறது என்பதுதான் அவர்மேல் ஊருக்கு இருந்த முக்கியமான புகார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் எலிசேயோ வாத்தியக் குழுவில் எல்லாவற்றையும்விடப் பெரிய பித்தளைக் குழலை ஊதியவர். மூச்சையெல்லாம் அதற்கே சேமித்து வைத்திருந்ததால் வேறெதற்கும் வாய் திறந்ததில்லை. முப்பது வருடம் அந்த வீட்டின் சார்பாக ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, முப்பது வருடமும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுத் தலைமை அக்காவுக்கு வந்தது. கூட்டத்தில் இடமும் வந்தது. அந்த வீட்டுக்கு உரிய முப்பது வருடப் பேச்சு பேசப்படாமல் தேங்கிக் கிடந்ததையும், அதை யாராவது தீர்த்தாக வேண்டும் என்பதையும் நாங்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

மகன்கள் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில். ஒருவன் பிறர் வீட்டுப் புல்லை வெட்டுகிறான், மற்றவன் பிறர் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறான். ஞாயிறுதோறும் போன் செய்வார்கள். அக்கா திட்டுவதை முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு பேசுகிறோம் என்று வைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அவரிடம் திட்டு வாங்க இரண்டு வான்கோழிகள் இருந்தன. அவை எதிர்த்துப் பேசுவதில்லை. எதிர்த்துப் பேசுகிறவர்கள் வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிற ஊர்க்கூட்டம்தான். அதற்கு முந்தின நாள் தலைக்குக் குளிப்பார். காலையில் நீலச் சால்வையை எடுத்து மடிப்பு நீவுவார்.

இப்படிப்பட்டவருக்கு அந்த வருடம் மழைக்காலத்தில் கணுக்கால் உடைந்தது. உடைந்த இடம் ஊர் அலுவலகத்துப் படிக்கட்டு. அந்தப் படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று இரண்டு கூட்டங்களில் பேசி, இரண்டிலும் தோற்றவர் அவர். அதனால் விழுந்து கிடந்த நிலையிலும், தூக்க வந்தவர்களை நிறுத்திவைத்து, இதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த வருடமும் அடுத்த வருடமும் ஊர் எழுத்தர் முறை எனக்கு. எழுதிக்கொண்டேன்.

காலில் மாவுக்கட்டு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் எல்லா ஊரையும் போல எங்கள் ஊரிலும் தெக்கியோ உண்டு. ஊர்வேலை. மாதம் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஓர் ஆள், கூலி கிடையாது. தொடர்ந்து மூன்று முறை ஆள் வராத வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பெயர் போனால் தண்ணீரை நிறுத்திவிட மாட்டோம், நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல. கூட்டத்தில் பேச முடியாது. அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு அவ்வளவுதான். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தது.

கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பலாமே என்றால், முடியாது. மூன்று வருடத்துக்கு முன்பு அதற்கு விதி போட்டாயிற்று. பெரிய கடைக்காரர் நிகானோர், ஊர்வேலைக்குப் பக்கத்து ஊர் ஆளை அனுப்பிவிட்டுத் தான் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு மனுஷி எழுந்து நாற்பது நிமிடம் பேசி அதை நிறுத்தினாள். "எந்தக் கூரைக்கடியில் உறங்கி, எந்த அடுப்பில் உண்கிறாரோ, அவரே அந்த வீட்டின் ஆள். கூலி வாங்குகிறவர் எந்த வீட்டின் ஆளும் ஆகார்." இதுதான் விதி. ஒவ்வொரு சொல்லும் எர்மெலிந்தா அக்கா சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் அவருக்காக ஒரு நாள் கூடுதலாக வரட்டுமே என்று சிலர் இரக்கப்பட்டார்கள். அவர் உறங்குவது அவர் கூரைக்கடியில் என்று அக்காவே அவர்களுக்கு நினைவூட்டினார்.

அதே நிகானோர்தான் இப்போது ஊர்த்தலைவர். மூன்றாவது ஊர்வேலை செப்டம்பர் கடைசி ஞாயிறு. அன்றே பிற்பகல் ஊர்க்கூட்டம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தது தற்செயல் என்று அவர் பல பேரிடம், கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

பூயெப்லா நகரக் கல்லூரி ஒன்றின் ஆசிரியை, சமூகவியல் படிக்கிற பிள்ளைகளை வார இறுதிகளில் எங்கள் ஊருக்கு அனுப்புவது வழக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வீட்டில் தங்கி மலைமக்கள் வாழ்க்கையை அறிந்துகொள்வார்கள். திங்களன்று அதைப் பதினைந்து பக்கத்தில் எழுதுவார்கள். எந்தெந்த வீட்டில் என்னென்ன அனுபவம் கிடைக்கும் என்று ஒரு தாள் அனுப்பச் சொல்லியிருந்தார் ஆசிரியை. ஒரு வீட்டில் சமையல். ஒரு வீட்டில் மூலிகை. வேறெதுவும் தெரியாத ஒரு வீட்டில் வானம் பார்த்தல். அக்கா என்னிடம் ஒரே சொல்லைச் சொன்னார்: "வேலை." அப்படியே எழுதினால் நன்றாயிராதே என்று நான் "சமுதாயக் கூட்டுழைப்பில் நேரடிப் பங்கேற்பு" என்று எழுதி அனுப்பினேன். நான்கு பேர் அதற்கு முண்டியடித்தார்கள். குற்றத்தில் என் பங்கு அந்த ஒரு வரிதான்.

சனிக்கிழமை மதியம் வேன் வந்து நான்கு பேரை இறக்கியது. தாமியான் என்கிற நெட்டைப் பையன். கையில் நோட்டுப் புத்தகத்தோடு ரெனாத்தா என்கிற பெண். கண்ணாடி போட்ட ஒருவன். இறைச்சி சாப்பிடாத ஒருத்தி.

எங்கள் ஊரில் வெளியூர் விருந்தாளிக்கு நாற்காலி போடுவோம், மேஜையில் பூப்போட்ட விரிப்பு விரிப்போம், சமையலறைப் பக்கம் விடமாட்டோம். அக்கா வீட்டில் அன்று நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் அக்கா இருந்தார். எதிரே முக்காலியில் மாவுக்கட்டுக் கால் இருந்தது.

"என்னால நடக்க முடியாது. நீங்க நடப்பீங்க," என்றார்.

நடந்தார்கள். தண்ணீர் எடுத்தார்கள், விறகு அடுக்கினார்கள், சோளம் அரைத்தார்கள். அது எங்கள் பண்பாடு என்று ரெனாத்தா எழுதிக்கொண்டாள். இறைச்சி சாப்பிடாதவளிடம் அக்கா, "இங்க தினமும் பீன்ஸ்தான். நாங்களும் உன் கட்சிதான்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சு," என்றாராம்.

மூன்று மணிக்குத் தாமியான் வான்கோழிக் கொட்டிலின் கதவைச் சாத்தாமல் விட்டான். இரண்டு வான்கோழிகளும் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்தன. அவனும் பின்னால் புகுந்தான். மூன்று வீட்டுத் தோட்டங்களைச் சுற்றி, கீறலோடும் இறகுகளோடும், கடைசியில் வான்கோழிகளோடும் திரும்பி வந்தவனுக்கு வாசலில் வரவேற்பு காத்திருந்தது. பள்ளத்துக்கு அப்பால் இருக்கிற வீடுகள்வரை கேட்டது.

"கதவுன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? நீ படிக்கிற காலேஜுல கதவே கிடையாதா? வளர்ந்த வளர்த்திக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியல, இதுல எங்களை ஆராய்ச்சி பண்ண வந்துட்டான்."

எதிர்மேட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கையிலிருந்ததைக் கொடியில் போட மறந்து நின்றார்கள். அக்கா குரல் அந்த அளவுக்கு ஏறி ஒன்பது வருடமாயிற்று என்று அவர்கள் பிறகு சொன்னார்கள்.

இரவுச் சாப்பாட்டில் அவன் தொர்த்தியா என்கிற சோள ரொட்டியில் பாதியைத் தட்டில் விட்டான். "மீதி யாருக்கு? உங்கப்பா பின்னால பஸ்ல வர்றாரா?" என்று கேட்டார். தின்றான். மகன்களின் அறையில் நால்வரும் படுத்தார்கள். பெண்களுக்குக் கட்டில், பையன்களுக்குப் பாய். சுவரில் கூடைப்பந்துப் பதக்கங்கள் தொங்கின. படுக்கும் முன் எங்கள் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார். பெயர் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய வார்த்தை. யார் பெயர் கூப்பிட்டாலா? "எம்பேரு," என்றார் அக்கா.

விடிகாலையில் மகன்களின் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடியை எடுத்துப்போட்டார். பெரியவனுடையது தாமியானுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அக்கா அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நேரமாகிறதென்று அதற்கும் ஒரு திட்டுத் திட்டினார்.

அன்றைய வேலை, மண்சரிவில் புதைந்த தண்ணீர்க் குழாயைத் தோண்டியெடுத்து மறுபடி பதிப்பது. நால்வரும் வேலை செய்த அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவர்கள் தோண்டிய குழியை எங்களில் இருவர் பின்னால் போய்க் குழி ஆக்கினார்கள். ஆனால் மதியம்வரை ஒருவரும் உட்காரவில்லை. கண்ணாடிக்காரன் தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் படம் எடுத்துக்கொண்டான். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று.

பன்னிரண்டு மணிக்கு வாத்தியக் குழு ஒரு பாட்டு வாசித்து முடித்ததும் நான் பட்டியலை எடுத்து வீடு வீடாகக் கூப்பிட்டேன்.

"எர்மெலிந்தா வீடு."

பேனாவை இறக்கி, குறுக்குக்கோடு போடுவதற்குத் தயாராக இருந்தேன். பக்கத்தில் தலைவர் நிகானோர் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுக்குள்ளிருந்து நான்கு குரல்கள், எங்கள் மொழியில், மோசமான உச்சரிப்பில்:

"வந்திருக்கோம்."

ஊர்க்கூட்டம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கடியில் தொடங்கியது. அக்கா வந்தார். சிமெண்ட் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியில், நீலச் சால்வையோடு, மாவுக்கட்டுக் காலை நேரே நீட்டிக்கொண்டு. தாமியான் தள்ளினான். மற்ற மூவரும் ஊர்வலமாகப் பின்னால். பிஷப் வந்தபோதுகூட எங்கள் ஊர் அப்படி எழுந்து நின்று பார்க்கவில்லை.

எங்கள் கூட்டம் எங்கள் மொழியில் நடக்கும். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். ஆகவே தங்கள்மேல் வழக்கு நடக்கிறது என்பது தெரியாமல், நன்றி சொல்கிறார்கள்போலும் என்று நால்வரும் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். ரெனாத்தா எழுதிக்கொண்டிருந்தாள்.

நிகானோர் மிகுந்த வருத்தத்தோடு ஆரம்பித்தார். அக்கா குடும்பத்தின்மேல் தனக்குள்ள மரியாதையைச் சொன்னார். எலிசேயோவின் குழலோசையைச் சொன்னார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். விருந்தாளிகள் செய்த வேலை வீட்டின் வேலை ஆகாது. அந்த வீட்டுக்கு இது மூன்றாவது முறை.

"எழுத்தர் தம்பி, அந்த விதியைப் படி. சத்தமாப் படி," என்றார் அக்கா வண்டியிலிருந்து.

படித்தேன். உறங்கிய கூரை. உண்ட அடுப்பு.

"நேத்து ராத்திரி இதுங்க எங்க தூங்குச்சு? எந்த அடுப்புல தின்னுச்சு?"

நிகானோர் கூலி என்கிற சொல்லைப் பிடித்தார். வெளியூர் ஆட்களைப் பிடித்து வந்தால் அது கூலியாள்தானே என்றார். கூலி வாங்கினால்தானே கூலியாள் என்றார் அக்கா. இந்தப் பிள்ளைகள் தங்குவதற்குத் தனக்குக் காசு கொடுத்து வந்து குழி தோண்டியிருக்கிறார்கள், அப்படி ஒரு கூலியாளைத் தலைவர் தன் கடையில் இதுவரை பார்த்திருந்தால் சொல்லட்டும் என்றார். கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரிக்க முயன்றார்.

நிகானோர் முட்டாள் அல்ல. முட்டாள்களுக்கு எங்கள் ஊரில் பெரிய கடை நிலைக்காது. அவர் சட்டென்று ஸ்பானிஷுக்கு மாறி, நேரே பிள்ளைகளிடம் திரும்பினார். விவரம் முழுவதையும் பொறுமையாக, இனிமையாக எடுத்துச் சொன்னார். மூன்று முறை தவறினால் பெயர் போகும் என்பது, இந்த அம்மாவுக்கு இரண்டு முறை தவறியது, கணக்கைச் சரிக்கட்டத்தான் உங்களை வரவழைத்தார் என்பது, நீங்கள் அனுபவம் என்று நினைத்துச் செய்தது எதற்கு என்பது.

ரெனாத்தா எழுதுவதை நிறுத்தினாள். நான்கு புன்னகைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. கண்ணாடிக்காரன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"இப்ப நீங்களே சொல்லுங்க, பிள்ளைகளா. நீங்க இந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்தீங்களா, வீட்டு ஆளாவா? உள்ளதைச் சொன்னாப் போதும்."

அக்கா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. தலையை நிமிர்த்தி, தான் எதிர்த்த தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேசக்கூடியவர் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.  எங்களுக்கே அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாமியான் எழுந்தான். கன்னத்தில் காப்பிச் செடிக் கீறல், காலில் பெரியவனின் பூட்ஸ்.

"எங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலைங்க. அது நிஜம்," என்றான்.

நிகானோர் தலையை ஆட்டினார்.

"ஆனா நான் இதுக்கு முன்னால மூணு ஊர்ல விருந்தாளியா தங்கியிருக்கேன். நாற்காலி போடுவாங்க. சிரிப்பாங்க. நாம என்ன தப்புப் பண்ணாலும் பரவாயில்லைம்பாங்க. இங்க வந்ததுலேர்ந்து எனக்குத் திட்டுத்தான். கதவுக்கு ஒண்ணு, தொர்த்தியாவுக்கு ஒண்ணு, காலைல பூட்ஸுக்கு ஒண்ணு. விருந்தாளியை யாருங்க இப்படித் திட்டுவாங்க? எங்கம்மா திட்டுவாங்க."

யாரோ அதை எங்கள் மொழியில் பின்வரிசைக்குச் சொன்னார்கள். எதிர்மேட்டுப் பெண்கள் மூவர் ஒரே நேரத்தில் எழுந்து, அது உண்மை, பள்ளம் தாண்டித் தங்களுக்குக் கேட்டது, துணியைக்கூட உலர்த்த முடியவில்லை என்று சாட்சி சொன்னார்கள். அக்கா வெளியாளிடம் எதிர்த்துப் பேசுவார், ஆனால் திட்டமாட்டார், திட்டுவது வீட்டு ஆட்களையும் வான்கோழிகளையும்தான் என்று இன்னொருவர் நினைவூட்டினார். ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்ட நோக்கில் யாரும் அதுவரை யோசித்ததில்லை.

கை தூக்கச் சொன்னோம். தலைவர் தரப்பில் ஐந்து கைகள், அதில் இரண்டு அவர் கடையில் வேலை பார்ப்பவை. மற்றதெல்லாம் அக்காவுக்கு. பால் வைத்துவிட்டு வந்தவர்கள்கூடப் போகாமல் நின்று தூக்கினார்கள்.

நிகானோர் தோல்வியை ஏற்றுக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைக் கடையில் பழைய சர்க்கரையைக் கட்டும்போது பார்த்திருக்கிறேன்.

"சந்தோஷம். அப்ப எர்மெலிந்தா அக்கா வீட்டுல இனிமே நாலு ஆள். ஒன்பது வருஷமா ஆள் இல்லைன்னு அந்த வீட்டுக்கு ஊர்ப் பதவி எதுவும் குடுக்காம விட்டிருந்தோம். ஜனவரி ஒண்ணாந்தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குத் தலையாரி பதவிக்கு இந்த நெட்டைத் தம்பியை நான் முன்மொழியறேன். வீட்டு ஆள்தானே? இல்லைன்னா இப்பவே சொல்லிடட்டும். பேரை எடுத்துடலாம்."

தலையாரி என்றால் எங்கள் ஊரில் எல்லாப் பதவிக்கும் கீழ்ப்பட்ட பதவி. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் செய்வது. கோலைப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் இருக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், யாரையாவது கூட்டிவரச் சொன்னால் கூட்டிவர வேண்டும், தலைவருக்குக் காப்பி வாங்கிவர வேண்டும். கூலி இல்லை. பூயெப்லாவிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் ஒன்பது மணி நேரம்.

அக்கா வண்டியிலிருந்தபடி தாமியானிடம் ஸ்பானிஷில் விஷயத்தைச் சொன்னார். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல், நான் திட்டமாட்டேன் என்றார். அந்தத் திட்டமாட்டேன் என்பதைத்தான் தாமியான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"ஜனவரி ஒண்ணு லீவுதான்," என்றான்.

"ஏத்துக்கறோம். கோல் வீட்டுக்குச் சொந்தம். ஆள் படிக்கப் போயிருந்தா வீட்டுல வேற யாராவது பிடிப்பாங்க. அதுவும் வழக்கம்தானே, தம்பி?" என்றார் அக்கா நிகானோரிடம்.

வழக்கம்தான். மகன் வெளியூர் போனால் தகப்பன் வந்து நிற்பது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. தலைவர் ஆமென்று தலையாட்டினார். ஆட்டி முடித்த பிறகு அந்தத் தலை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

ஜனவரி முதல் தேதி தாமியான் வந்தான், ரெனாத்தாவும் வந்தாள். பூசை முடிந்து வாத்தியக் குழு வாசிக்க, பெரியவனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பழைய தலையாரியிடமிருந்து ரிப்பன் கட்டிய கோலை வாங்கி, மதியம்வரை அசையாமல் நின்றான். திங்கட்கிழமை அவனுக்குப் பரீட்சை. மூன்று மணி வேனில் ஏறுவதற்கு முன் கோலை அக்காவிடம் கொடுத்தான். கொட்டில் கதவைச் சாத்தினாயா என்று கேட்டார் அக்கா. இரண்டு தடவை பார்த்தேன் என்றான்.

மறுநாள் காலை அக்கா நீலச் சால்வையும் கோலுமாக அலுவலகத்துக்கு வந்தார். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, நடையில் கொஞ்சம் சாய்வு உண்டு. முதல் படியில் நின்றுவிட்டார். கைப்பிடி இல்லாமல் ஊர் அதிகாரி ஒருவர் இந்தப் படியில் ஏறி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று கீழேயிருந்து கேட்டார். அன்று யாரையும் யாரும் கூட்டிவரவில்லை, மணி அடிக்கவில்லை, காப்பியும் இல்லை. மூன்றாம் நாள் கைப்பிடி வந்தது. பச்சை வர்ணம் வேண்டாமென்று சொல்லிச் சிவப்பு அடிக்க வைத்தார்.

நிகானோரின் பதவிக்காலம் இன்னும் ஒரு முழு வருடம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தாங்கிக்கொள்ள முடியாதவர் இப்போது காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை தன் கதவுக்கு வெளியே அந்தச் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு வழக்கப்படி காப்பி வாங்கிவரச் சொன்னார். வேறு வழியில்லை, சொல்லாவிட்டால் பதவியை அவமதித்ததாக ஆகும்.

அக்கா வாங்கி வந்தார். கிண்ணம் நிறையக் காப்பி, பக்கத்தில் ரொட்டி, சிந்தாமல். மேஜைமேல் வைத்தார். கோலைச் சுவரில் சாய்த்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க குடிங்க, தலைவரே. ஆறிப்போயிடும். எனக்கு ஒரு சின்ன விஷயம்தான்."

நான் எழுந்து, என் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவரப் போனேன்.